அடையாள அட்டை நகல் மட்டும் காவல் காக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் சும்மா கிடக்கும் அறையைப் பேயிங் கெஸ்ட்டுக்கு விட்டால் மாதாமாதம் வருமானம் பார்க்கலாம் என்று யோசனை சொல்லும் கட்டுரைகள் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன. கட்டில் எங்கே போடுவது, திரைச்சீலை என்ன நிறம் என்பது வரை விளக்கமாக எழுதுகிறார்கள். வரப்போகிற ஆளைப் பற்றி விசாரிப்பது மட்டும் கடைசி வரியாகச் சுருங்கிவிடுகிறது: 'மறக்காமல் அடையாள அட்டை நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.' அந்த வரியை நம்பி நகலைப் பீரோவில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் நிறைய. அதனால்தான் இந்தக் கடிதம்.

நகல் ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை சொல்லும்: இவர் யார்? அதுவும் அட்டை உண்மையானதாக இருந்தால். எதற்காக வருகிறார், கிளம்பச் சொன்னால் கிளம்புவாரா என்ற மற்ற இரண்டுக்கும் அதில் விடை கிடையாது. வீட்டுக்காரர்களைக் கோர்ட்டுக்கும் காவல் நிலையத்துக்கும் அலைய வைப்பது பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

உலகறிந்த இரண்டு சம்பவங்கள் போதும். 2019 அக்டோபர் 31 அன்று கலிபோர்னியாவின் ஒரிண்டா நகரில், வீடுகளைச் சில நாளுக்கு வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி இணையதளம் வழியாக ஒரு வீடு வாடகைக்குப் போனது. பன்னிரண்டு பேர் கொண்ட குடும்பம், ஆஸ்துமா, காட்டுத்தீப் புகையிலிருந்து தப்பித்து ஓர் இரவு தங்க வேண்டும் என்பது பதிவு செய்தவர் சொன்ன காரணம். வந்து சேர்ந்ததோ நூறு பேருக்கு மேல் கூடிய கேளிக்கை விருந்து. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அந்த நிறுவனம் விருந்து வீடுகளுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. 2020 ஆகஸ்டில் உலகம் முழுதும் விருந்துகளுக்குத் தடை விதித்து, 2022 ஜூனில் அதை நிரந்தரமாக்கியது. அங்கே இடறியது வந்தவரின் பெயரா? இல்லை, வந்த நோக்கம்.

இன்னொன்று 2014இல், அதே கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில். 44 நாள் தங்கப் பதிவு செய்தவர், 30 நாள் தாண்டியதும் தனக்கு வாடகைதாரர் உரிமை வந்துவிட்டது என்று சொல்லி வெளியேற மறுத்தார். அந்த மாநிலச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. உரிமையாளர் முறைப்படி வெளியேற்ற நடவடிக்கை தொடங்க வேண்டியதாயிற்று. எத்தனை நாள் தங்கினால் விருந்தினர் வாடகைதாரர் ஆகிறார் என்பது ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் ஊரில் அந்த எல்லை எது என்பதை முதல் விருந்தினருக்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, முதலில் ஆள் யார் என்பதைப் பார்ப்போம். போனில் வரும் அட்டைப் படம் ஆவணமே ஆகாது. பெயரையும் முகத்தையும் மாற்றுவது இன்று பிள்ளை விளையாட்டு. அசல் அட்டையை உங்கள் கையில் வாங்கி, எதிரில் இருக்கும் முகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளியூரில் இருப்பவரானால் வீடியோ அழைப்பில் அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, அட்டையைச் சாய்க்கச் சொல்லுங்கள், தலையை இருபுறமும் திருப்பச் சொல்லுங்கள். சாய்க்கும்போது மின்னும் முத்திரைகள் நிறம் மாற வேண்டும். கியூஆர் கோடு உள்ள அட்டையை, அதை வழங்கிய அரசு அமைப்பின் செயலியிலேயே ஸ்கேன் செய்ய வேண்டும். வேறு ஏதோ ஸ்கேனரில் ஸ்கேன் செய்தால், மோசடிக்காரர் தயாரித்த போலிப் பக்கமே 'சரிபார்க்கப்பட்டது' என்று பச்சை நிறத்தில் சிரிக்கும்.

பாஸ்போர்ட்டாக இருந்தால் காகிதமும் பேனாவும் போதும், ஒரு சின்னச் சோதனை செய்யலாம். படம் உள்ள பக்கத்தின் அடியில் 44 எழுத்துகள் வீதம் இரண்டு வரிகள் இருக்கும். இரண்டாவது வரியில் 14 முதல் 19 வரையிலான இடங்கள் பிறந்த தேதி: முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு நாள். இருபதாவது இடத்தில் இருப்பது சரிபார்ப்பு இலக்கம். தேதியின் ஆறு இலக்கங்களையும் வரிசையாக 7, 3, 1, 7, 3, 1 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம்தான் இருபதாவது இடத்தில் இருக்க வேண்டும். 1990 ஆகஸ்ட் 15இல் பிறந்தவருக்கு 900815. பெருக்கினால் 63, 0, 0, 56, 3, 5. கூட்டினால் 127. ஆக, அங்கே 7 இருக்க வேண்டும். மேலே தேதியைத் திருத்திவிட்டுக் கீழ் வரியை மறந்துபோன போலி இங்கே அகப்பட்டுக்கொள்ளும். கணக்கு சரியாக வந்துவிட்டது என்பதால் பாஸ்போர்ட் அசல் என்றும் ஆகிவிடாது, விவரம் தெரிந்த மோசடிக்காரருக்கும் இந்தக் கணக்கு வரும். கணக்கு பொருந்தவில்லை என்றால் மட்டும் பேச்சே வேண்டாம்.

அட்டையைவிட வங்கிக் கணக்கு கொஞ்சம் நேர்மையான சாட்சி. முன்பணத்தைத் தன் பெயரில் உள்ள கணக்கிலிருந்தே அனுப்பச் சொல்லுங்கள். அட்டையில் ஒரு பெயர், பணம் வந்த கணக்கில் இன்னொரு பெயர் என்றால் விளக்கம் கேளுங்கள். 'நண்பர் போட்டுவிட்டார்' என்ற பதில் பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த நண்பர் யார், எதற்காகப் போட்டார் என்பது தெளியும் வரை சாவி உங்களிடமே இருக்கட்டும்.

நோக்கத்தை அறிய ஒரே வழி விசாரிப்பதுதான். நம்மவர்களுக்கு இதில் ஒரு கூச்சம் உண்டு, நேரில் துருவிக் கேட்டால் அவமதிப்பாகிவிடுமோ என்று. கேட்பதை எல்லோரிடமும் ஒரேபோலக் கேட்டால் அதில் அவமதிப்பு எதுவும் இல்லை. எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், எங்கே வேலை அல்லது படிப்பு, எத்தனை மாதம், ஏன் இந்தப் பகுதி, இப்போது இருக்கும் இடத்தை ஏன் விடுகிறீர்கள். பதில்களைக் குறித்து வைத்துக்கொண்டு, இரண்டு நாள் கழித்து வேறு பேச்சின் நடுவே அதே கேள்விகளில் இரண்டை மறுபடி கேளுங்கள். உண்மை சொன்னவரின் பதில் மாறாது.

அலுவலகத்தைத் தொடர்புகொள்ளும்போது அவர் கொடுத்த எண்ணுக்கு அழைக்காதீர்கள். அந்த எண் அவர் அறைத்தோழருடையதாக இருக்கலாம். நிறுவனத்தின் பொது எண்ணை நீங்களே தேடி எடுத்து, இப்படி ஒருவர் உங்களிடம் வேலை பார்க்கிறாரா என்று மட்டும் கேளுங்கள். சம்பளம், பிற சொந்த விவரங்களை அவர்கள் சொல்ல மாட்டார்கள், கேட்கவும் கூடாது. பழைய வீட்டுக்காரரிடம் பேசும்போது ஒரு நுட்பம் இருக்கிறது. இப்போதைய வீட்டுக்காரர் ஆளைக் கழற்றிவிட்டால் போதும் என்ற நினைப்பில் 'தங்கமான பையன்' என்று சொல்லக்கூடும். அதற்கு முந்தைய வீட்டுக்காரருக்கு அந்த அவசரம் கிடையாது, அவரைத்தான் பிடிக்க வேண்டும். வேண்டுமென்றே ஒரு தவறான விவரத்தைச் சொல்லிப் பாருங்கள்: 'ஒரு வருஷம் மாடி அறையில் இருந்தாராமே?' உண்மையான வீட்டுக்காரர் உடனே திருத்துவார், 'மாடியா? எங்கள் வீட்டில் மாடியே இல்லையே' என்பார். வாடகைக்கு அமர்த்தின குரல் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடும். கடைசியாக, 'மறுபடி வந்தால் அறை கொடுப்பீர்களா?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அந்தத் தயக்கத்தில் பாதி விஷயம் விளங்கிவிடும்.

இவ்வளவுக்கும் இரண்டு மூன்று நாள் ஆகும். மோசடிக்காரரின் முதல் ஆயுதம் அவசரம். இன்று இரவே வர வேண்டும், மூன்று மாத வாடகையை மொத்தமாகத் தருகிறேன், அறையைப் பார்க்கக்கூட வேண்டாம். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் கதவைத் திறக்காதீர்கள். அறையைப் பார்க்காமல் முழுப் பணமும் கொடுப்பவருக்கு அறை தேவையில்லை, ஒரு முகவரிதான் தேவை.

பணத்தில் இன்னொரு பழைய தந்திரம். கேட்ட முன்பணத்தைவிடக் கூடுதலான தொகைக்குக் காசோலை வரும், 'தவறுதலாக அதிகம் எழுதிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்' என்ற செய்தியோடு. கணக்கில் தொகை ஏறியதுபோலத் தெரியும். நீங்கள் மீதியை அனுப்பிவிடுவீர்கள். சில நாளோ சில வாரமோ கழித்துக் காசோலை திரும்பும், வங்கி முழுத்தொகையையும் உங்கள் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளும். கணக்கில் தெரிவதும் பணம் உறுதியாகக் கைக்கு வருவதும் வேறு வேறு. 'இறுதியாகத் தீர்வாகிவிட்டதா?' என்று வங்கியிடம் கேட்டு, ஆம் என்ற பதில் வரும் வரை ஒரு காசும் திருப்பக் கூடாது. இதோடு சேர்த்து ஒன்று: பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணோ ஓடிபியோ எங்கும் தேவைப்படாது. கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

அடுத்தது, போகச் சொன்னால் போவாரா என்ற கேள்வி. இதற்கான விடை அவர் குணத்தில் பாதியும் உங்கள் ஒப்பந்தத்தில் பாதியும் இருக்கிறது. வாய்ப்பேச்சில் விட்ட அறைதான் பின்னால் வாயைக் கட்டிப்போடும். ஒப்பந்தத்தில் எந்த அறை, எந்தெந்தப் பொது இடங்கள், எத்தனை பேர், என்று முதல் என்று வரை என்பதெல்லாம் இருக்க வேண்டும். பலரும் எழுத மறப்பது சில உண்டு. கொடுக்கப்படுவது தங்கும் அனுமதி, அறையின் தனி உடைமை அல்ல என்ற வாசகம். சுத்தம் செய்யவும் பழுது பார்க்கவும் முன்னறிவிப்போடு உரிமையாளர் அறைக்குள் வரலாம் என்ற வாசகம். வேறு யாருக்கும் கட்டிலையோ அறையையோ உள்வாடகைக்கு விடக் கூடாது என்பது. இரவு தங்கும் விருந்தாளிகளுக்கு வரம்பு. இரு தரப்பும் எத்தனை நாள் முன்னறிவிப்பில் முடித்துக்கொள்ளலாம் என்பது. ஒரே வீட்டில் உரிமையாளரும் வாழ்ந்து, சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்குப் பல நாடுகளின் சட்டம் முழு வாடகைதாரருக்குத் தரும் பாதுகாப்பைத் தருவதில்லை. தனி வாசல், தனிச் சமையலறை, தனி மீட்டர் என்று பிரித்துக் கொடுத்தால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் நீதிமன்றம் அதை வாடகையாகப் பார்க்க வாய்ப்பு அதிகம்.

ஆள் நகரவில்லை என்றால் மின்சாரத்தைத் துண்டிப்பது, தண்ணீரை நிறுத்துவது, அவர் வெளியே போன நேரத்தில் பூட்டை மாற்றுவது என்று கோபத்தில் இறங்குகிறவர்கள் உண்டு. பல இடங்களில் இவை குற்றம். அதுவரை பாதிக்கப்பட்டவராக இருந்த உரிமையாளர் அன்று முதல் குற்றம் சாட்டப்பட்டவராகிவிடுவார். எழுத்து மூலம் அறிவிப்பு, அதைப் பெற்றதற்கு அத்தாட்சி, பிறகு சட்ட வழி. அறிவிப்புக்குப் பிறகு வாடகை வாங்கினால் தங்குவதைப் புதுப்பித்ததாக வாதம் எழும், அதையும் வழக்கறிஞரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம்.

காவல் துறையில் விவரம் பதிய வேண்டும், வெளிநாட்டவர் தங்கினால் குறிப்பிட்ட நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதி உங்கள் ஊரில் இருந்தால் அதைச் செய்துவிடுங்கள். 'போலீசில் பதிவோம்' என்று முதல் பேச்சிலேயே சொல்வது இன்னொரு வகையில் உதவும். அதோடு திரும்பி அழைக்காதவர்கள் சிலர் இருப்பார்கள்.

சாவி விஷயத்தில் பெரும்பாலான வீடுகள் மெத்தனம். சாவியை ஒரு போட்டோ எடுத்தாலே நகல் செய்துவிட முடியும் என்பதால், திரும்ப வாங்கினோம் என்பதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஒவ்வொருவர் போன பிறகும் பூட்டின் சிலிண்டரை, அதாவது சாவி நுழையும் உள்பாகத்தை, மாற்றுங்கள். முழுப் பூட்டையும் மாற்ற வேண்டியதில்லை. கதவின் விளிம்பில், பூட்டுத் தகட்டில் சாவித்துளைக்கு நேராக ஒரே ஒரு நீளத் திருகு இருக்கும். அதைக் கழற்றி, சாவியை நுழைத்துச் சற்றே திருப்பினால் நடுவில் இருக்கும் நாக்கு சிலிண்டரோடு ஒரே கோட்டில் வரும், அப்படியே வெளியே இழுத்துவிடலாம். புதிது வாங்கும்போது திருகுத்துளையின் மையத்திலிருந்து இரு பக்க நீளத்தையும் தனித்தனியே மில்லிமீட்டரில் அளந்துகொண்டு போங்கள், இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்பதில்லை. வெளிப்பக்கம் 3 மில்லிமீட்டருக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தால் குறடால் பிடித்து முறித்துவிடுவார்கள். எண் பூட்டு என்றால் ஆளுக்கொரு எண், போன அன்றே அழிப்பு. உங்கள் குடும்ப எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது.

வீட்டில் மற்றவர்கள் படுக்கும் அறைகளுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும். நகை, ஆவணங்கள் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் தூக்க மாத்திரைகளையும் வலுவான வலிமாத்திரைகளையும் பொதுக் குளியலறை அலமாரியில் வைத்திருப்பவர்கள் இன்றே பூட்டில் வைக்கட்டும். குழந்தைகளைப் 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்று விருந்தினரிடம் விட்டுப் போவது எவ்வளவு பழகியவரானாலும் கூடாது.

வைஃபை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே கேடு சத்தமில்லாமல் நடக்கும். உங்கள் இணைப்பிலிருந்து யார் எதைச் செய்தாலும் வெளியே தெரிவது உங்கள் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண், அது பதிவாகியிருப்பது உங்கள் பெயரில். சட்டவிரோதப் பதிவிறக்கமோ மிரட்டல் மின்னஞ்சலோ நடந்தால் கதவைத் தட்டுவது உங்கள் கதவைத்தான். ரூட்டரில் விருந்தினருக்கென்று தனி நெட்வொர்க் இயக்குங்கள். ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாமல் செய்யும் அமைப்பு இருக்கும், அதையும் இயக்குங்கள். வைஃபை பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3, பாஸ்வேர்டு இல்லாமலே கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதி நிறுத்தம், ரூட்டரின் நிர்வாக பாஸ்வேர்டு மாற்றம். இவ்வளவும் செய்துவிட்டு ரூட்டரைக் கூடத்தில் வைத்தால் பாழ். பின்புறம் உள்ள ரீசெட் பொத்தானைச் சில நொடி அழுத்தினால் எல்லாம் பழைய நிலைக்குப் போய், அடியில் ஒட்டியிருக்கும் தாளில் அச்சிட்ட பாஸ்வேர்டே வேலை செய்யத் தொடங்கிவிடும். உங்கள் அறையில், பூட்டுக்குள் இருக்கட்டும்.

முகவரியைப் பயன்படுத்துவது இதைவிடத் தந்திரமானது. விருந்தினர் உங்கள் வீட்டு முகவரியில் வங்கிக் கணக்கு தொடங்கலாம், கடன் வாங்கலாம், திருடிய கார்டில் வாங்கிய பொருள்களை வரவழைத்துக்கொண்டு மாயமாகலாம். அவர் பெயரில் வராமல் வேறு வேறு பெயர்களில் பார்சல் வருகிறதென்றால் அதுதான் முதல் அறிகுறி. கையெழுத்துப் போட்டு வாங்காதீர்கள். அவர் போன பிறகு வரும் கடிதங்களைப் பிரிக்காமல் 'இந்த முகவரியில் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்புங்கள். வங்கி, நீதிமன்றக் கடிதங்களாக இருந்தால் உறையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக் காப்பீடு வைத்திருப்பவர்கள் பாலிசியை எடுத்து ஒரு முறை படியுங்கள். பல பாலிசிகள் உடைத்துப் புகுந்த திருட்டுக்குத்தான் ஈடு தரும், சாவியோடு உள்ளே இருந்தவர் எடுத்துப் போனதற்குத் தராது. கட்டணம் வாங்கி ஆள் வைத்திருப்பதை நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் இருந்தால், நாளை தீவிபத்துக்குக் கேட்கும் ஈட்டையே மறுக்க அது காரணமாகலாம். எழுத்தில் தெரிவித்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். தீ என்றதும் ஒன்று: மின்சார சைக்கிள், ஸ்கூட்டர் பேட்டரிகளை வெளியேறும் வழியில் வைத்து இரவில் சார்ஜ் செய்ய விடாதீர்கள். லித்தியம் பேட்டரி பற்றிக்கொண்டால் தப்பிக்கும் வழியே அடைபடும்.

பயத்தில் எல்லை மீறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அறைக்குள்ளோ குளியலறையிலோ கேமரா வைப்பது பாதுகாப்பு நடவடிக்கை ஆகாது, குற்றம். ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் கேமராவையே தடை செய்துவிட்டது. வாசலில் வைக்கலாம், வைத்திருப்பதை முன்கூட்டியே சொல்லவும் வேண்டும். போன விருந்தினர் அடுத்தவரைப் படம்பிடிக்க எதையாவது விட்டுப் போயிருக்கவும் கூடும். அறை காலியானதும் விளக்கை அணைத்து, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், கண் பார்க்கும் திசையிலேயே பிடித்துக்கொண்டு கடிகாரம், சார்ஜர், புகை உணர்கருவி ஆகியவற்றைச் சுற்றிப் பாருங்கள். லென்ஸ் இருந்தால் புள்ளியாக மின்னும்.

அதுபோலவே சாதி, மதம், மணமானவரா என்று பார்த்து ஆளைத் தேர்வதற்கு 'விசாரணை' என்று பெயர் சூட்ட வேண்டாம். அது ஆபத்தை ஒரு துளியும் குறைப்பதில்லை. இன்னும் சொன்னால், 'நம்ம ஆள்' என்று சோதனையில்லாமல் உள்ளே விட்ட இடங்களில்தான் ஏமாற்றம் எளிதாக நடக்கிறது. வாங்கும் அடையாள நகலுக்கும் நீங்கள் பொறுப்பாளி. நகலின் குறுக்கே எந்த நோக்கத்துக்கு, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று எழுதச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

வந்த அன்றும் போகும் அன்றும் இருவரும் சேர்ந்து அறையை ஒரே கோணங்களில் வீடியோ எடுத்து, மீட்டர் எண்ணோடு பட்டியலில் கையெழுத்திட்டால் முன்பணத் தகராறில் பெரும்பாலானவை எழவே எழாது.

இந்த விஷயத்தில் பத்திரிகைகளும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வரி விளம்பரங்களில் வீட்டு எண்ணோடு முழு முகவரியும், 'வயதான பெண் மட்டும் இருக்கும் அமைதியான வீடு' என்ற வர்ணனையும் சேர்ந்து அச்சாவதைக் காண்கிறோம். விளம்பரம் கொடுப்பவர் வெள்ளந்தியாக எழுதிக் கொடுத்தாலும், பகுதியின் பெயரும் தொடர்பு எண்ணும் மட்டும் போட்டு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை விளம்பரப் பிரிவு நீக்கிவிட்டு அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்களுக்குத் தங்கும் ஒப்பந்தங்கள் எழுதித் தரும் வாசகர்